அது பிரெஞ்சு ராணியின் கதிரை இல்லை

வெள்ளவத்தை வீட்டு ஹாலுக்கு வாங்கிய படத்தில் இருப்பது பிரெஞ்சு ராணியின் கதிரையா என்று கேட்டிருந்தீர்கள். கைப்பிடியில் சிங்கம், சாய்மானத்தின் உச்சியில் சூரியன் என்றால் அது பெரும்பாலும் கண்டிச் சிம்மாசனம்தான். 1693இல் ஒல்லாந்தர் கண்டி அரசன் இரண்டாம் விமலதர்மசூரியனுக்குக் கொடுத்தது. வேலைப்பாட்டில் பிரெஞ்சுச் சாயல் உண்டு, அதனால் குழப்பம் வருவது இயல்பு. ஆனால் சிங்கமும் சூரியனும் அரசனின் குலப்பெருமையைச் சொல்பவை. 1815இல் கண்டி வீழ்ந்தபின் சிம்மாசனத்தை ஆங்கிலேயர் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வந்தது 1934இல்.

அசல் கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது. ஒருநாள் போய், சிங்கத்தின் கண்ணில் பதித்த ஊதாக் கல்லைப் பாருங்கள். படத்தில் கண்ணும் பொன்னிறமாக இருந்தால் அச்சடித்தவர் சோம்பேறி! அப்புறம், அதைச் சாப்பாட்டு மேசைக்கு மேலே மட்டும் மாட்டாதீர்கள். எண்ணெய்ப் புகையில் சிங்கராசா கறுத்துவிடுவார்.