சோலார் மானியம்: 5 கிலோவாட் போட்டால் அதிகம் கிடைக்குமா?

கேள்வி: எங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 620 யூனிட் ஓடுகிறது. சோலார் போட விசாரித்தோம். ‘5 கிலோவாட் போடுங்கள், மானியம் கூடும்; அதைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தால் போதும்’ என்கிறார் வந்தவர். இபி இணைப்பு காலமான என் மாமனார் பெயரில் இருக்கிறது. போடலாமா? — ஒரு வாசகி, தென்காசி

பதில்: போடலாம். ஆனால் 5 வேண்டாம், உங்களுக்கு 2 போதும்.

பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் (2024-இல் வந்தது) முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதற்கு 18,000. ஆக 78,000. அதற்கு மேல் 5 போட்டாலும் 10 போட்டாலும் அதே 78,000தான். கூடுதல் கிலோவாட் முழுக்க உங்கள் கைக்காசு.

ஒரு கிலோவாட் நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். 2 கிலோவாட் என்றால் இரண்டு மாதத்துக்கு 480. நெட் மீட்டரில் (பேனல் தரும் மின்சாரத்தை நீங்கள் செலவழித்ததில் கழித்துக் கணக்கிடும் மீட்டர்) 620-இல் அது கழிந்து 140-க்குத்தான் பில். அதிலும் தமிழ்நாட்டில் முதல் 100 யூனிட் இலவசம். மிஞ்சும் 40 யூனிட்டுக்காக மூன்றாவது கிலோவாட்டா? ஏசி வாங்கும் யோசனை இருந்தால் மட்டும் 3 போடுங்கள். 500 யூனிட்டைத் தாண்டியதும் கட்டணம் எகிறும் தொல்லையும் 2 கிலோவாட்டிலேயே போய்விடும்.

மானியம் கம்பெனிக்குப் போகாது. பேனல் பொருத்தி, மின்வாரியம் சரிபார்த்த பிறகு உங்கள் வங்கிக் கணக்குக்கே வரும். ‘கழித்துக்கொள்கிறேன்’ என்பவரிடம் முழு விலையையும் எழுத்தில் கேளுங்கள். அவர் பெயர் திட்டத்தின் இணையதளத்தில் பதிவான விற்பனையாளர் பட்டியலில் இருக்க வேண்டும். பேனல், அதில் வெயிலை மின்சாரமாக்கும் சோலார் செல் இரண்டுமே இந்தியத் தயாரிப்பாக இல்லாவிட்டால் மானியம் கிடையாது. அதையும் கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள்.

மாமனார் பெயரை முதலில் மாற்றுங்கள். இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயரில்தான் விண்ணப்பம் போகும். பலர் அட்வான்ஸ் கொடுத்த பிறகுதான் இதைக் கவனிக்கிறார்கள்.

காலை பத்து மணிக்கு ஒருமுறை, மாலை மூன்றுக்கு ஒருமுறை மாடி ஏறிப் பாருங்கள். தண்ணீர்த் தொட்டி, பக்கத்து வீட்டுத் தென்னை என எதன் நிழலாவது ஒரு பேனலில் விழுந்தால், வரிசையில் கோத்த மற்றவையும் சேர்ந்து சோர்ந்துவிடும்.

இன்னொன்று: பேட்டரி இல்லாத இந்த அமைப்பு, கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேனுக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக அப்படி. பழைய இன்வெர்ட்டரை விற்றுவிடாதீர்கள்.