பாய்லர் பிரஷர் வாராவாரம் இறங்குகிறதா?

கேள்வி: வீட்டைச் சூடாக்கும் கேஸ் பாய்லரில் பிரஷர் முள் வாராவாரம் 0.5 பாருக்கு (பார் என்பது அழுத்த அளவு) இறங்கிவிடுகிறது. தண்ணீர் ஏற்றினால் சரியாகிறது. சர்வீஸுக்கு வந்தவர், "பழசாகிவிட்டது, மாற்றிவிடுங்கள்" என்கிறார். மாற்றத்தான் வேண்டுமா? நானே எதைப் பார்க்கலாம்?

பதில்: அவசரப்பட்டு மாற்றாதீர்கள். அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களுக்குள் ஓடுவது, வெளியே போக வழியில்லாத மூடிய சுற்றில் இருக்கும் தண்ணீர். அது வாராவாரம் குறைகிறதென்றால் எங்கோ வெளியே போகிறது. அந்த இடத்தைக் காட்டாமல் புது பாய்லர் விலை சொல்பவரை நம்பவே வேண்டாம்.

தண்ணீர் ஏற்றுவதையும் வழக்கமாக்கிக்கொள்ளாதீர்கள். புதுத் தண்ணீரோடு ஆக்ஸிஜனும் உள்ளே போகிறது. ரேடியேட்டர் உள்ளே துருப்பிடித்து, அந்தத் துரு கறுப்புச் சேறாகிப் பாய்லரை அடைக்கும். நல்ல பாய்லர்கூட இப்படித்தான் பாழாகிறது.

ஹீட்டிங்கை நிறுத்தி, எல்லாம் ஆறியபின் முள்ளைப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் 1 முதல் 1.5 பார் இருக்க வேண்டும். பிறகு ஹீட்டிங்கைப் போட்டுப் பாருங்கள். சூடானால் கொஞ்சம் ஏறத்தான் செய்யும், 2 வரை போனால் பயமில்லை. 3-ஐ நெருங்கினால் விஷயம் வேறு. சூட்டில் பெருகும் தண்ணீருக்கு இடம் கொடுக்கும் எக்ஸ்பான்ஷன் டேங்கில் காற்று இறங்கியிருக்கலாம். அப்போது பாதுகாப்பு வால்வு திறந்து, வெளிச்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் குழாய் வழியே தண்ணீரைக் கொட்டிவிடும். அந்தக் குழாய் வாயில் ஈரமோ வெள்ளைக் கறையோ இருக்கிறதா என்று பாருங்கள். கையை மட்டும் அடியில் நீட்டாதீர்கள், கொதிநீர் வரலாம். டேங்கில் காற்று நிரப்பினாலோ டேங்கை மட்டும் மாற்றினாலோ தீர்கிற கோளாறு இது. இதற்குத்தான் பலர் தலையில் முழு பாய்லரையே கட்டிவிடுகிறார்கள்.

வெளிக்குழாய் காய்ந்திருந்தால் ரேடியேட்டர் வால்வு ஒவ்வொன்றிலும் இரவு டிஷ்யூ தாளைச் சுற்றிவையுங்கள், காலையில் நனைந்திருப்பது காட்டிக்கொடுத்துவிடும். மூட்டுகளில் பச்சையாகவோ வெள்ளையாகவோ படிந்திருந்தாலும் அங்கே கசிவுதான்.

ரேடியேட்டரில் காற்றை வெளியேற்றிய நாளில் மட்டும், பிரஷர் இறங்கினால் கசிவு என்ற கணக்கு செல்லாது. மேல்பகுதி குளிர்ந்து கீழே சூடாக இருந்தால் காற்றுதான் நிற்கிறது. ரேடியேட்டரின் காற்றுத் திருகைத் திறந்து விட்டால் புஸ்ஸென்று காற்று போகும், பிரஷரும் இறங்கும். அது பழுதல்ல. ஒருமுறை தண்ணீர் ஏற்றி விட்டுவிடுங்கள். புதிதாக ரேடியேட்டர் மாட்டியிருந்தால் சில நாட்களுக்கு அங்கங்கே காற்று சேரும், மறுபடி இறங்கும், மறுபடி ஏற்ற வேண்டியிருக்கும். அதுவும் பழுதல்ல. மாதக்கணக்கில் தொடர்ந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

பாய்லர் மூடியை நீங்கள் திறக்க வேண்டாம், அது உரிமம் உள்ளவர் வேலை. ஆனால் வந்தவர் திறந்தாரா என்று பக்கத்திலேயே நின்று பாருங்கள். ஆண்டு சர்வீஸ் முத்திரை இல்லாவிட்டால் வாரன்டி கிடையாது என்று நிறுவனங்கள் விதி வைத்திருக்கின்றன. முத்திரைக்குப் பின்னால் வேலை நடந்ததா என்று யார் கேட்கிறார்கள்? துணியால் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். எக்ஸ்பான்ஷன் டேங்கின் காற்றழுத்தம், புகை அளவீடு இரண்டையும் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதாமல் பணம் கொடுக்காதீர்கள்.

மற்றபடி, புகைபோக்கி வாயை எதுவும் மறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரத்தின் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள், அதற்கும் காலாவதித் தேதி உண்டு. அது அலறினாலோ வீட்டில் எல்லோருக்கும் சேர்ந்தாற்போல் தலைவலி வந்தாலோ பாய்லரை அணைத்து, ஜன்னல்களைத் திறந்து, உடனே வெளியேறிவிடுங்கள். பிரஷரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.