சாப்பாடு மாறவில்லை, எல்டிஎல் மட்டும் ஏறிவிட்டது: வயதுதான் காரணமா?

அம்மாவுக்கு 54 வயது, சாப்பாடும் நடையும் பழையபடியே, ஆனால் நான்கு ஆண்டில் எல்டிஎல் என்கிற கெட்ட கொலஸ்ட்ரால் 118-லிருந்து 142 ஆகிவிட்டது, வயதால் இப்படி ஏறுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஏறும். அவர் ஒளித்து வைத்து நெய்யும் முறுக்கும் சாப்பிடுகிறாரோ என்று தயவுசெய்து சந்தேகப்படாதீர்கள்.

ரத்தத்தில் சுற்றும் எல்டிஎல்லைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகள் கல்லீரலில் இருக்கின்றன. அவற்றைப் பெருக்குவதில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனுக்குப் பங்கு உண்டு. மாதவிடாய் நிற்கும்போது அந்தத் துணை போய்விடுகிறது. கடைசி மாதவிடாயை ஒட்டிய ஓரிரு ஆண்டில் எல்டிஎல் 10 சதவீதம் அளவுக்கு ஏறுவது சகஜம். ஆண்களுக்கு இருபதுகளிலிருந்து ஐம்பதுகள் வரை மெதுவாக ஏறும். அதன்பின் பெண்கள் அவர்களைத் தாண்டுவார்கள். வயது கூடக் கூட, சாப்பிட்டபின் ரத்தத்தில் ஏறும் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு இறங்கவும் அதிக நேரம் எடுக்கும்.

ஆனால் 118-க்கு 10 சதவீதம் என்றால் 12தான். அம்மாவுக்கு ஏறியது 24. மீதியை வயதின் கணக்கில் எழுதும் முன் டிஎஸ்ஹெச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை பாருங்கள். இந்த வயதுப் பெண்களிடம் தைராய்டு குறைவு அதிகம், அதுவே எல்டிஎல்லை ஏற்றும். சர்க்கரையும் பார்த்துவிடுங்கள்.

அதற்கும் முன்னால், இரண்டு ரிப்போர்ட்டும் ஒரே முறையில் எடுத்தவையா? பெரும்பாலான லேப்களில் எல்டிஎல்லை அளப்பதில்லை, கணக்குப் போடுகிறார்கள்: மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்டிஎல் என்கிற நல்ல கொலஸ்ட்ராலையும் ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிப்பார்கள். மொத்தம் 222, எச்டிஎல் 52, ட்ரைகிளிசரைடு 140 என்றால் எல்டிஎல் 142. அதே ஆள் டிபன் சாப்பிட்டுவிட்டுப் போய் ட்ரைகிளிசரைடு 240 வந்தால், எல்டிஎல் 122 என்று அச்சாகும். உடம்பில் எதுவும் குறையவில்லை. ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இந்தக் கணக்கே செல்லாது. மொத்தத்தில் எச்டிஎல்லை மட்டும் கழித்துப் பாருங்கள்: இரண்டு முறையும் 170. ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட அந்த எண்தான் நம்பகமானது.

இரண்டு மூன்று வாரம் கழித்து அதே லேபில் இன்னொரு முறை எடுங்கள். இரவு எட்டு மணிக்குள் சாப்பாடு, காலை ஏழெட்டு மணிக்கு ரத்தம். தண்ணீர் குடிக்கலாம், பால் காபி கூடாது. முந்தின நாள் கல்யாண விருந்து வேண்டாம். போனதும் ஐந்து நிமிடம் உட்காரட்டும். கையில் கட்டும் பட்டையை ஒரு நிமிடத்துக்கு மேல் இறுக்கி வைத்தால் கொலஸ்ட்ரால் கூடுதலாகக் காட்டும். காய்ச்சலோ அறுவை சிகிச்சையோ நடந்திருந்தால் ஒன்றரை மாதமாவது பொறுங்கள். அதுவரை எல்டிஎல் பொய்யாகக் குறைந்திருக்கும்.

மாத்திரை வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வயதுக்கு இயல்பு என்பதால் ரத்தக்குழாய்க்குக் கேடில்லை என்று ஆகிவிடாது. சர்க்கரை, ரத்த அழுத்தம், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு இருந்தால் மருத்துவர் இதே 142-க்கு ஸ்டேட்டின் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரை எழுதக்கூடும், அது சரிதான்.

கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும், மனம் கேட்கவில்லை. 25 வயதுக்கும் 78 வயதுக்கும் ரிப்போர்ட்டில் ஒரே எல்லையை அச்சிடுகிறார்கள். அதைப் பார்த்து, வீட்டில் தாத்தா பாட்டியின் தட்டிலிருந்து முட்டையையும் பாலையும் எடுத்துவிட்டு, ரசம் சாதத்தோடு விடுகிறார்கள். எழுபதுக்கு மேல் கொலஸ்ட்ரால் மெதுவாகக் குறைவது இயல்பு. மருந்தில்லாமல் மளமளவென்று இறங்கினால்தான் பயப்பட வேண்டும்: ஊட்டக்குறைவு, கல்லீரல் கோளாறு, தைராய்டு மிகை, சில சமயம் புற்றுநோய். மொத்தக் கொலஸ்ட்ரால் 210 இருந்தது 150 ஆனதும் நல்லது என்று சந்தோஷப்படாமல் எடை பாருங்கள். 60 கிலோ ஆள் ஆறு மாதத்தில் 3 கிலோ இளைத்திருந்தால், பழைய ரிப்போர்ட்டையும் புதியதையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.