நாலு சுவருக்குள் ஒரு படம்: வாசகர் கேள்விகள்

2021 மே 10 முதல் கொரோனாவுக்காகத் தமிழ்நாட்டில் மறுபடியும் முழு ஊரடங்கு வந்தபோது வந்த கேள்விகள் இவை. 2020 மார்ச் 25-க்குப் பிறகு வீட்டிலேயே ஒரு பரிசோதனைப் படம் என்று ஆரம்பித்துப் பாதியில் விட்டவர்கள், இரண்டாம் முறை முடித்தே தீருவது என்று இறங்கியிருந்தார்கள் போல. வந்த கேள்விகளில் முக்கால்வாசி தொழில்நுட்பம் பற்றியவை. ஒளிப்பதிவு, ஒலி, படத்தொகுப்பு தெரிந்தவர்களிடம் பதில் வாங்கினோம்.

ஹாலில் டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்த காட்சி முழுக்கக் கறுப்புப் பட்டைகள் ஓடுகின்றன. போன் பழுதா?
*வாசகர், கோவை*

போன் நன்றாகத்தான் இருக்கிறது. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சோக் போட்ட பழைய டியூப்லைட்டும் மலிவான எல்இடி பல்பும் நொடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். போனை ஆட்டோவில் விட்டால் அது ஷட்டரை (ஒவ்வொரு ஃபிரேமுக்கும் வெளிச்சம் விழும் நேரத்தை) 1/60, 1/120 நொடி என்று தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ளும். அதற்கும் விளக்கின் துடிப்புக்கும் கணக்கு ஒத்துவராததால்தான் பட்டை விழுகிறது.

ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் பூட்டிவிட்டால் பட்டை போய்விடும். ஃபிரேம் வேகம் (நொடிக்கு எத்தனை படம்) 25 ஆனாலும் 30 ஆனாலும் இது பொருந்தும். போனில் இருக்கும் கேமராவில் வீடியோவுக்கு இந்த வசதி இல்லையென்றால் ஓப்பன் கேமரா (இலவசம்) அல்லது ஃபிலிமிக் புரோ (காசு) போட்டுப் பாருங்கள். சில போன்களில் செட்டிங்கிலேயே 50 ஹெர்ட்ஸ் என்று ஒரு தேர்வு இருக்கும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பெரும்பாலான போன்களில் லென்ஸின் துளையைச் சுருக்க முடியாது. ஷட்டரையும் பூட்டிவிட்டால் மதிய வெயிலில் ஜன்னல் பக்கம் வெளுத்துப்போகும். ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறனை) அடிமட்டத்துக்கு இறக்குங்கள். அதற்கும் அடங்காவிட்டால் ஜன்னலில் வெள்ளை வேட்டியை ஒற்றையாகவோ இரண்டாக மடித்தோ கட்டி, நடிகரை மூன்றடி உள்ளே தள்ளி உட்கார வையுங்கள். எதிர்ப்பக்கக் கன்னம் இருண்டால் தெர்மாகோல் அட்டை ஒன்றை அந்தப் பக்கம் சாய்த்து வைத்தால் போதும். பகல் வெளிச்சம் இருக்கும்போது டியூப்லைட்டை அணைத்துவிடுவதுதான் எப்போதும் நல்லது. இரண்டும் கலந்தால் முகத்தில் ஒரு பாதி நீலமாகவும் மறுபாதி மஞ்சளாகவோ பச்சையாகவோ வரும். எடிட்டில் கலரைச் சரிசெய்துகொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். ஒரு பாதியைச் சரிசெய்தால் மறுபாதி கெடும்.

மூன்று நடிகர்கள் மூன்று ஊரில். ஜூமில் பேசவைத்து ரெக்கார்ட் செய்தோம். படம் மங்கல், குரல் வெட்டி வெட்டி வருகிறது. எடிட்டில் தேற்ற முடியுமா?
*வாசகர், மதுரை*

முடியாது. இணையத்தில் வரும் வழியிலேயே தொலைந்துபோன படத்தை எந்த மென்பொருளும் திரும்பக் கொண்டுவராது. காட்சியை மறுபடி எடுங்கள், ஆனால் முறையை மாற்றி.

ஜூம் நடிகர்கள் ஒருவரை ஒருவர் கேட்பதற்கும் நீங்கள் மேற்பார்வை பார்ப்பதற்கும் மட்டும். உண்மையான பதிவு ஒவ்வொருவர் வீட்டிலும் அவரவர் போனின் பின்பக்கக் கேமராவில் நடக்க வேண்டும். அப்படியென்றால் ஆளுக்கு இரண்டு கருவி தேவை: அழைப்புக்கு ஒன்று (லேப்டாப் அல்லது வீட்டில் இன்னொருவரின் போன்), பதிவுக்கு ஒன்று. ஒரே போனில் இரண்டையும் செய்யப் பார்த்தால் கேமராவுக்கும் மைக்குக்கும் இரண்டு செயலிகள் சண்டை போட்டு, கடைசியில் ஏதாவது ஒன்று நின்றுவிடும். இலவசக் கணக்கில் 40 நிமிடத்தில் அழைப்பு துண்டிக்கப்படும். ஒத்திகையை ஓர் அழைப்பில் முடித்துவிட்டு, டேக்கை அடுத்த அழைப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

அழைப்பின் குரல் நடிகருக்கு இயர்போனில் மட்டும் கேட்க வேண்டும். ஸ்பீக்கரில் விட்டால் மற்ற இருவரின் குரலும் இவருடைய பதிவில் ஏறிவிடும், பிறகு எங்கும் வெட்ட முடியாது. கேமராவுக்குத் தெரியாத பக்கக் காதில் ஒற்றை இயர்போன், வயர் சட்டைக்குள்.

பின்பக்கக் கேமராவில் தன் ஃபிரேம் நடிகருக்குத் தெரியாதே என்பீர்கள். போனுக்குப் பின்னால் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை நிறுத்தினால் போன் திரை அதில் தெரியும். தலைக்கு மேல் எவ்வளவு இடம், கை வெட்டுப்படுகிறதா என்று சரிபார்த்ததும் கண்ணாடியை எடுத்துவிடுங்கள். வைத்திருந்தால் வசனத்துக்கு நடுவில் கண் அங்கேதான் போகும். லென்ஸை ஒவ்வொரு டேக்குக்கு முன்னும் பனியன் துணியால் துடையுங்கள். ‘கனவு மாதிரி எஃபெக்ட்’ என்று பலர் அனுப்பும் காட்சிகளில் பாதி, விரல் எண்ணெய்.

ஆரம்பத்தில் கேமராவுக்குத் தெரிகிற மாதிரி ஒரு கைதட்டல், முடிவில் ஒன்று. அவரவர் வீடியோவையும் தனியாகப் பதிவான ஒலியையும் (அதைப் பற்றிக் கீழே) பொருத்த இது போதும். ஒருவர் தட்டி மூவரின் பதிவையும் பொருத்தலாம் என்று நினைத்தால் ஏமாறுவீர்கள். அந்தச் சத்தம் மற்ற வீடுகளுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் போய்ச் சேரும். இதே காரணத்தால் பதில் வசனங்களும் பிந்தியே வரும். அந்த இடைவெளிகளை எடிட்டில் இறுக்கலாம், அதற்காகவே ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே பேசக் கூடாது. குறுக்கே பேசும் சண்டைக் காட்சி வேண்டுமென்றால் தனித்தனியாகப் பேசவைத்து எடிட்டில் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றுங்கள்.

அடுத்தது ஃபுட்டேஜை, அதாவது எடுத்த வீடியோக்களை, வாங்குவது. 1080-இல் 30 ஃபிரேம் என்றால் பெரும்பாலான போன்களில் நிமிடத்துக்குச் சுமார் 130 எம்பி. மூன்று நிமிடக் காட்சி 390 எம்பி, எட்டு டேக் 3 ஜிபிக்கு மேல். நாளுக்கு 1.5 ஜிபி டேட்டா வைத்திருப்பவருக்கு ஒரே காட்சியை அனுப்ப இரண்டு நாளுக்கு மேல் ஆகும். எனவே டேக்குகளை முதலில் வாட்ஸப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பச் சொல்லுங்கள். ரொம்பச் சுருங்கி, பார்க்கச் சகிக்காது, ஆனால் எது நல்ல டேக் என்று தெரிந்துவிடும். தேர்ந்தெடுத்த ஒன்றிரண்டை மட்டும் டெலிகிராமில் ஃபைலாகவோ (ஒரு ஃபைல் 2 ஜிபி வரை போகும்) கூகுள் டிரைவ் வழியாகவோ வாங்குங்கள். படம் உங்கள் கணினியில் திறந்து, இன்னொரு பிரதியும் எடுத்தாயிற்று என்று நீங்கள் சொல்லும்வரை நடிகர் போனிலிருந்து எதையும் அழிக்கக் கூடாது. இதைக் காகிதத்தில் எழுதி ஒட்டச் சொன்னாலும் தப்பில்லை.

எடிட்டில் போட்டதும் ஆரம்பத்தில் உதடும் குரலும் ஒட்டுகிறது, போகப்போக விலகுகிறது. ஏன்?
*வாசகி, தஞ்சாவூர்*

போன் பதிவு செய்யும் ஃபிரேம் வேகம் நிலையானது இல்லை. 30 என்று போட்டிருந்தாலும் வெளிச்சம் குறைந்தால் 28, 26 என்று இறங்கும். எடிட்டிங் மென்பொருள் 30 என்றே நம்பி அடுக்குவதால் ஒலி நழுவுகிறது. டைம்லைனில் (மென்பொருளில் காட்சிகளை வரிசையாக அடுக்கும் இடத்தில்) போடுவதற்கு முன்பே எல்லா ஃபைலையும் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் ‘கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்’ தேர்வு செய்து மாற்றிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே வெட்டிய காட்சிக்கு மாற்றிய ஃபைலை அப்படியே இணைத்தால் வெட்டுகள் கொஞ்சம் தள்ளிப்போகும்; அந்த வேலை பாக்கி இருக்கும்.

4கே-யில்தான் எடுக்க வேண்டுமா?
*வாசகர், கரூர்*

வேண்டாம். மே மாத வெயிலில் 4கே ஓடவிட்டால் பல போன்கள் சூடாகிப் பாதி டேக்கிலேயே கேமராவை மூடிவிடும். எதில் எடுத்தாலும் கவரைக் கழற்றுங்கள், சார்ஜ் போட்டபடி எடுக்காதீர்கள், டேக்குகளுக்கு நடுவே போனை மேஜைமேல் சும்மா கிடக்கவிடுங்கள். சீக்கிரம் ஆறட்டும் என்று பிரிட்ஜில் வைக்கவே வைக்காதீர்கள். வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும்.

குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறது. மைக் வாங்கக் கடையும் இல்லை.
*வாசகி, திருநெல்வேலி*

படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் பார்வையாளர் பொறுத்துக்கொள்வார், பரிசோதனைப் படம் என்றால் அதைப் பாணி என்றுகூட எடுத்துக்கொள்வார். வசனம் புரியாவிட்டால் இரண்டாவது நிமிடத்தில் கிளம்பிவிடுவார். அதனால் பாதி நேரத்தை ஒலிக்குக் கொடுங்கள்.

கிணற்றுச் சத்தத்துக்குக் காரணம் தூரம். ஆறடி தள்ளியிருக்கும் போனில் குரலைவிட மொசைக் தரையிலும் சுவரிலும் பட்டுத் திரும்பும் எதிரொலிதான் அதிகம் விழும். இன்னொரு போனில் வாய்ஸ் ரெக்கார்டரைப் போட்டு, ஏரோப்ளேன் மோடில் வைத்து, சட்டைப் பையில் தலைகீழாக வையுங்கள். பெரும்பாலான போன்களில் பேசும் மைக் கீழ் விளிம்பில் இருப்பதால் அது மேலே பார்க்க வேண்டும். வாயிலிருந்து இரண்டு சாண் தூரத்துக்குள் இருந்தால் போதும். துணி உரசினால் பையின் உட்புறம் கைக்குட்டை மடித்து வையுங்கள். டபிள்யூஏவி (சுருக்காத ஒலி ஃபைல்), 48 கிலோஹெர்ட்ஸ் என்று தேர்வு இருந்தால் அதையே எடுங்கள். கேமராவுக்குத் தெரியாத தரையில் பாய், எதிர்ச் சுவரில் போர்வை. அறையில் ஒருமுறை கைதட்டுங்கள். ‘டொய்ங்’ என்று வால் நீண்டால் இன்னொரு போர்வை தேவை.

ஃபேனை நிறுத்தத்தான் வேண்டும், வேறு வழியில்லை. நான்கு நிமிடத்தில் நெற்றி வேர்த்து, அடுத்த ஷாட்டில் காய்ந்திருக்கும். ஆகவே வசனக் காட்சிகளைக் காலை ஐந்தரையிலிருந்து ஏழுக்குள் முடித்துவிடுங்கள். மோட்டார் போடும் நேரம், பக்கத்து வீட்டுக் குக்கர் நேரம் இரண்டையும் முந்தின நாளே குறித்துக்கொள்ளுங்கள். பிரிட்ஜை அணைக்கும்போது வண்டிச் சாவியை அதற்குள்ளேயே வைத்துவிடுவது படப்பிடிப்பில் பழைய பழக்கம். ஊரடங்கில் வண்டி எடுக்கப்போவதில்லை என்பதால், மூக்குக் கண்ணாடியையோ வெற்றிலைப் பெட்டியையோ, எது இல்லாமல் இருக்க முடியாதோ அதை வையுங்கள். இல்லாவிட்டால் மறந்து, மாவு புளித்து, அம்மா படத்தையே நிறுத்திவிடுவார்.

கடைசியாக, எல்லோரும் நின்ற இடத்திலேயே நிற்க ஒரு நிமிடம் வெறும் அறையைப் பதிவு செய்யுங்கள். வெட்டுகளுக்கு நடுவே அதைப் பரப்பினால்தான் ஒலி அறுந்து அறுந்து தெரியாது. குயில் கூவினால் விட்டுவிடுங்கள், இந்த மாதத்தில் அதை யாராலும் நிறுத்த முடியாது. ஆனால் ஒரே காட்சியில் பாதி வசனத்துக்குக் குயில் இருந்து மீதிக்கு இல்லாமல் போனால் உறுத்தும். தனியாகப் பதிவு செய்த குயிலை முழுக்கப் பரப்பிவிடலாம்.

கடை திறந்து காலர் மைக் வாங்கும்போது செருகும் முனையைப் பாருங்கள். போனுக்கானதில் மூன்று கறுப்பு வளையம் இருக்கும், கேமராவுக்கானதில் இரண்டுதான். இரண்டு வளையமுள்ளதைச் செருகினால் போன் அதைக் கண்டுகொள்ளாமல் தன் மைக்கிலேயே பதிவு செய்துகொண்டிருக்கும், வீட்டுக்கு வந்து கேட்டால்தான் தெரியும்.

ஒரே வீடு, ஒரே ஆள். நாற்பது நிமிடம் பார்ப்பார்களா?
*வாசகர், விழுப்புரம்*

நாற்பது நிமிடத்துக்கு உங்களிடம் விஷயம் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. அநேகமாகப் பன்னிரண்டு நிமிடத்துக்கு இருக்கும்.

வீட்டுக்குள் அடைபட்டிருப்பதை மறைக்கப் பார்க்கும் படங்கள்தான் போரடிக்கின்றன. ஹாலை அலுவலகம் என்றும் மொட்டைமாடியைப் பூங்கா என்றும் நம்பவைக்கப் போராடுவார்கள். 2020 செப்டம்பரில் வந்த மலையாளப் படம் ‘சீ யூ சூன்’ போன், கணினித் திரைகளுக்குள்ளேயே கதையை வைத்தது. மகேஷ் நாராயணன் அதை ஐபோனில் எடுத்தார். அதே ஆண்டு ஜூலையில் வந்த பிரிட்டிஷ் பேய்ப்படம் ‘ஹோஸ்ட்’ ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. நடிகர்கள் அவரவர் வீட்டிலேயே கேமராவையும் விளக்கையும் வைத்துக்கொள்ள, இயக்குநர் ராப் சாவேஜ் தூரத்திலிருந்து இயக்கினார். இரண்டிலும் ஆள் ஏன் வெளியே போகவில்லை என்ற கேள்வியே எழாது.

உங்களுக்கு ஒரு பயிற்சி. கதையை எழுதுமுன் வீட்டைச் சுற்றிவந்து பட்டியல் எடுங்கள்: எந்த ஜன்னலில் எத்தனை மணிக்கு வெயில் விழுகிறது, எந்தக் கதவு கிறீச்சிடுகிறது, எந்தக் குழாய் சொட்டுகிறது. சமையலறைச் சுவரில் நாலு மணி வெயில் ஒரு பட்டையாக ஏறி இருபது நிமிடத்தில் மறையும் என்றால், அதே ஃபிரேமில் பதினாறு நாள் எடுத்துப் பாருங்கள். முக்காலியோ ஸ்டாண்டோ நிற்கும் இடத்தில் தரையில் சாக்பீஸால் குறி போடுங்கள், போனின் உயரத்தைச் சுவரில் பென்சிலால் குறியுங்கள், வெளிச்ச அளவைப் பூட்டுங்கள். இவற்றில் ஒன்று பிசகினாலும் பதினாறும் ஒட்டாது.

திரையில் வாட்ஸப் உரையாடல் ஓட வேண்டும். போன் திரையை அப்படியே ரெக்கார்ட் செய்தால் போதாதா?
*வாசகர், சேலம்*

போதும் போலத்தான் தெரியும். ஆனால் ஒரு சொல்லை நெருங்கிக் காட்ட இரண்டு மடங்கு பெரிதாக்கினால் எழுத்து மசங்கும். மேலே கடிகாரம் 10:42, அடுத்த வெட்டில் 10:37 என்று பல்லிளிக்கும், நடுவே வங்கியிலிருந்து ஓடிபி வேறு வரும். திரையை நீங்களே வரைந்துகொள்ளுங்கள்: பின்னணி ஓர் அடுக்கு, செய்திப் பெட்டிகள் ஓர் அடுக்கு, கடிகாரமும் பேட்டரியும் தனி அடுக்கு. 3840-க்கு 2160-இல் செய்து 1080-இல் வெளியிட்டால் இரண்டு மடங்குவரை நெருங்கலாம். வாட்ஸப் சின்னத்தை அப்படியே போடாமல், அதன் சாயலில் சொந்தமாக ஒன்று செய்வது பின்னால் தலைவலியைக் குறைக்கும்.

சில எடிட்டிங் மென்பொருட்களின் டைட்டில் கருவியில் ‘கொ’ என்று அடித்தால் கொம்பும் காலும் பிரிந்து தனித்தனியே நிற்கும். போராட வேண்டாம். இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளிலோ பவர்பாயின்ட்டிலோ எழுதி, பின்புலம் இல்லாத பிஎன்ஜி படமாக எடுத்து வந்து ஒட்டுங்கள்.

இந்த வகைப் படத்தில் விரல்தான் நடிக்கிறது. ‘எப்ப வருவ’ என்று அடித்து, நின்று, ஒவ்வொரு எழுத்தாக அழித்து, ‘சாப்டியா’ என்று அனுப்புவதில் ஒரு காட்சியே இருக்கிறது. அழிப்பது அடிப்பதைவிட வேகமாக இருக்கட்டும். அழித்த பிறகு வெறும் கர்சர் நாலைந்து முறை துடிக்கும்வரை காத்திருங்கள். அனுப்பிய செய்தியை இரண்டு முறை மெதுவாக வாசிக்கும் நேரம் திரையில் விடுங்கள். எழுதியவர் நீங்கள் என்பதால் உங்களுக்கு எப்போதும் நீளமாகத்தான் தோன்றும்.

ஊரடங்கில் வெறிச்சோடிய தெருவை எடுக்க வெளியே போகலாமா?
*வாசகர், சென்னை*

கூடாது. மாடியிலிருந்தோ ஜன்னலிலிருந்தோ எடுங்கள். எதிர் வீட்டுக்காரர் முகம் அடையாளம் தெரிகிற அளவுக்கு விழுந்தால் அவரிடம் கேட்டுவிட்டுப் பயன்படுத்துங்கள்.

முடித்த படத்துக்குச் சென்சார் வேண்டுமா? பின்னணியில் டிவி பாட்டு ஓடுகிறது, பரவாயில்லையா?
*வாசகி, புதுச்சேரி*

யூடியூபில் போட சான்றிதழ் தேவையில்லை. தியேட்டரில் திரையிடுவதற்குத் தேவை. திரைப்பட விழாக்களில் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்திடம் சான்றிதழ் விலக்கு வாங்கும் வேலையை விழா நடத்துபவர்கள் பார்த்துக்கொள்வார்கள். முதலில் அவர்கள் கேட்பது ஆன்லைன் லிங்க்கும் ஆங்கில சப்டைட்டிலும்தான்.

டிவி பாட்டு பரவாயில்லை என்று விட முடியாது. யூடியூப் அதைக் கண்டுபிடித்து உரிமைக் கோரிக்கை வைக்கும், விழாக்கள் உரிமைக் கடிதம் கேட்கும். வசனத்தோடு கலந்து பதிவாகியிருந்தால் சுத்தமாகப் பிரிப்பதும் கஷ்டம். அந்த வசனத்தை மட்டும் டப் செய்துவிடுங்கள்: பீரோவைத் திறந்து, தொங்கும் புடவைகளுக்கு நடுவே போனை வைத்து, கதவிலிருந்து ஓரடி தள்ளி நின்று, தலைமேல் ஒரு போர்வையைப் போட்டுக்கொண்டு பேசவையுங்கள். அப்படியே ஒட்டினால் ரேடியோ குரல் மாதிரி தனித்து நிற்கும். அந்த அறையின் ஒரு நிமிட வெற்று ஒலியை அடியில் பரப்பினால் பொருந்திவிடும்.