லடாக் கூட்டிப்போகும் டூர் நிறுவனம் ‘சொந்தப் பொறுப்பில் வருகிறேன்’ என்று எழுதிக் கேட்கிறது. கையெழுத்துப் போடலாமா?

கேட்டவர் கீழே விவரமும் கொடுத்திருக்கிறார். ஜூலையில் சென்னையிலிருந்து பதினான்கு பேர், ஆறு நாள் பயணம். இவருடைய அம்மாவும் வருகிறார், வயது 61, சர்க்கரை உண்டு. தலைக்கு இவ்வளவு என்று பணம் வாங்கிக்கொண்டு, ‘உயரத்தால் வரும் உடல்நலக் கோளாறுகளுக்கு நாங்கள் பொறுப்பல்ல’ என்று எழுதி வாங்குவது என்ன நியாயம் என்கிறார்.

கையெழுத்துப் போடுங்கள். சட்டப்படி அது உங்கள் கையைக் கட்டிப்போடும் காகிதம் அல்ல. தருவதாகச் சொன்ன ஆக்சிஜன் சிலிண்டர் வண்டியில் இல்லை, உடம்பு முடியவில்லை என்று சொன்ன பிறகும் மேலே ஏற்றிக்கொண்டு போனார்கள் என்றால் அது சேவைக் குறைபாடு. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் ஆணையத்தில் முறையிடலாம். முன்னாலேயே எழுதி வாங்கியதை மட்டும் காட்டி அவர்கள் தங்கள் அலட்சியத்திலிருந்து தப்பிவிட முடியாது. சட்டப் பக்கம் அவ்வளவுதான்.

நான் சொல்ல வந்தது வேறு. நிறுவனம் என்ன நோக்கத்தில் எழுதி வாங்கினாலும் சரி, உயரமான இடத்தில் உங்கள் உடம்புக்கு நீங்கள்தான் முதல் காவல். உயர நோயின் முதல் அறிகுறி பெரும்பாலும் தலைவலி. தலைவலி வெளியில் தெரியாது. ஓட்டுநருக்குத் தெரியாது, கைடுக்குத் தெரியாது, பக்கத்து இருக்கையில் இருக்கும் மகனுக்குக்கூடத் தெரியாது. வெளியில் தெரிகிற அளவுக்கு வந்துவிட்டது என்றால், சுலபமாகச் சரிசெய்யும் கட்டம் அநேகமாகத் தாண்டிவிட்டது என்று பொருள்.

நம் ஊர் மலை அனுபவத்தை இதற்கு நம்பக் கூடாது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர், தொட்டபெட்டா 2,637. தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடி 2,695 மீட்டர்தான். உயர நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேலேதான் தலைகாட்டும். ஆக, ‘எனக்கு மலை ஒத்துக்கொள்ளும், கொடைக்கானலுக்கு எத்தனை தடவை போயிருக்கிறேன்’ என்பது இங்கே செல்லாது. லே நகரமே சுமார் 3,500 மீட்டர். காலையில் கடல் மட்டத்தில் இருந்தவர் டெல்லியில் விமானம் மாறி அங்கே போய் இறங்குகிறார். அங்கும் காற்றில் ஆக்சிஜன் அதே 21 சதவீதம்தான். ஆனால் காற்றழுத்தம் குறைவு என்பதால் ஒவ்வொரு மூச்சிலும் சென்னையில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான் கிடைக்கும். கர்துங் லா கணவாயில், 5,359 மீட்டரில், பாதிதான்.

உடம்புக்கு இது பழக முடியாத விஷயம் இல்லை. பழக நாள் வேண்டும், அவ்வளவுதான். நம் ராணுவம் எவ்வளவு நாள் கொடுக்கிறது என்று பாருங்கள். 9,000 முதல் 12,000 அடி வரையிலான உயரத்தில் (சுமார் 2,740 முதல் 3,660 மீட்டர்) ஆறு நாள், அதில் முதல் இரண்டு நாள் ஓய்வு. அடுத்து 15,000 அடி (சுமார் 4,570 மீட்டர்) வரை போக இன்னும் நான்கு நாள், அதற்கும் மேலே போக மேலும் நான்கு நாள். இது பயிற்சி பெற்ற இளைஞர்களுக்கான கணக்கு. 1962 போரின்போது சமவெளியிலிருந்து இமயமலைக்கு அவசரமாக அனுப்பப்பட்ட வீரர்கள் ஏராளமானோர் இந்த நோயில் விழுந்தார்கள். இப்படி உயரத்தில் நோயுற்ற 1,925 வீரர்களைப் பற்றி நம் ராணுவ மருத்துவர்கள் எழுதி 1969இல் வெளியான ஆய்வுக் கட்டுரை, இந்தத் துறையில் இன்றும் எடுத்துப் பேசப்படுவது. அவர்கள் யாரும் நோஞ்சான்கள் இல்லை. ஜிம்முக்குப் போகிறவர், மாரத்தான் ஓடுகிறவர் என்பதெல்லாம் உயர நோய்க்குப் பாதுகாப்பே இல்லை. சொல்லப்போனால், உடம்பு வலுவாக இருக்கிறதே என்று வேகமாக ஏறுகிறவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள்.

இப்போது உங்கள் ஆறு நாள் பயணத் திட்டத்தை எடுத்து வைத்துப் பாருங்கள். முதல் நாள் ஓய்வு, இரண்டாம் நாள் ஊர் சுற்றல், மூன்றாம் நாள் காலையிலேயே கர்துங் லா என்றுதான் பெரும்பாலும் இருக்கும். அதை ஒத்துக்கொண்டு பணம் கட்டியது நாம். விடுமுறை குறைவு, விலை குறைவு என்று தேர்ந்தெடுத்ததும் நாம். நிறுவனத்தைக் கேட்க வேண்டிய கேள்வி ‘ஏன் கையெழுத்து’ என்பது இல்லை, ‘லேயில் இன்னும் ஒரு நாள் கூட்ட முடியுமா, லேயைவிட உயரத்தில் இருக்கும் பாங்காங் ஏரியில் இரவு தங்காமல் திரும்ப முடியுமா’ என்பதுதான். கிளம்புவதற்கு முன்னால் கேட்டால் மாற்றித் தருவார்கள். பதினான்கு பேராகச் சேர்ந்து கேட்டால் நிச்சயம் காது கொடுப்பார்கள்.

நான் உறவினர் குழுவோடு போனபோது நடந்ததைச் சொல்கிறேன். பாங்காங் ஏரிக் கரையில் கூடாரத்தில் தங்கியிருந்தோம், சுமார் 4,250 மீட்டர். எங்களோடு வந்த ஒரு பெரியவர், எனக்கு மாமா முறை, இரவுச் சாப்பாட்டை அப்படியே தள்ளி வைத்துவிட்டார். “மாமா, தலை வலிக்குதா?” என்று கேட்டேன். “அதெல்லாம் இல்லப்பா, வண்டியில வந்த அலுப்பு. படுத்தா சரியாயிடும்” என்றார். எழுந்து ஷூ போட உட்கார்ந்தவரால் கயிற்றைக் கட்ட முடியவில்லை. இரண்டு முனையையும் கையில் பிடித்துக்கொண்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாதவர்போல் பார்த்துக்கொண்டே இருந்தார். எங்கள் லடாக்கி ஓட்டுநர் அதைக் கவனித்துவிட்டு, தரையில் விரித்திருந்த ஜமுக்காளத்தின் கோட்டில் அவரை நடக்கச் சொன்னார், குதிகாலும் கால்விரலும் ஒட்ட ஒட்ட அடி வைத்து. மூன்றாவது அடியில் மாமா பக்கவாட்டில் சாய்ந்தார், நாங்கள்தான் பிடித்தோம்.

அந்தத் தள்ளாட்டம் மூளையில் நீர் கோக்கத் தொடங்கியதன் அறிகுறியாக இருக்கலாம். அதற்கு ஒரே வைத்தியம் உடனே கீழே இறங்குவது, ஆக்சிஜனும் மருந்தும் கூடவே. ஆனால் பாங்காங்கில் ஒரு சிக்கல் உண்டு. லேவுக்குத் திரும்ப வேண்டுமென்றால் முதலில் 5,300 மீட்டருக்கும் மேலான சாங் லா கணவாயை ஏறித் தாண்ட வேண்டும். இறங்குவதற்காக ஏற வேண்டும்! முடியாத உடம்பை ராத்திரியில் அங்கே ஏற்ற முடியாது. ஓட்டுநர் கணவாய்ப் பக்கம் போகாமல், சில நூறு மீட்டர் தாழ்வில் இருக்கும் டாங்சே கிராமத்து மருத்துவ நிலையத்துக்கு வண்டியை விட்டார். அங்கே இரவு முழுக்க ஆக்சிஜன் வைத்தார்கள். மறுநாள் ஆக்சிஜனோடு லே மருத்துவமனை. பிழைத்துக்கொண்டார்.

பிறகுதான் சொன்னார், லேயில் இரண்டாம் நாளே தலைவலி ஆரம்பித்துவிட்டதாம். மாத்திரை போட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார். “என்னால உங்க ட்ரிப் கெடக் கூடாதேன்னு பார்த்தேன்” என்றார்.

இந்த வாக்கியம்தான் எனக்குக் கவலை தருவது. நம் வீடுகளில் வளர்ந்த எல்லோர் வாயிலும் இது வரும், பெண்கள் வாயில் இன்னும் சீக்கிரம் வரும். அடுத்தவருக்குத் தொந்தரவு தரக் கூடாது என்பது நல்ல குணம்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர் லேயிலேயே வாயைத் திறந்திருந்தால் ஒரு நாள் கூடுதலாகத் தங்கியிருப்போம். ஆரம்பக்கட்டத் தலைவலியும் குமட்டலும் மேலே ஏறாமல் இருந்தாலே பெரும்பாலும் ஓரிரு நாளில் அடங்கிவிடும். சொல்லாததால் ஓட்டுநர் கொட்டும் குளிரில் இருட்டில் மலைப்பாதையில் ஓட்ட நேர்ந்தது, மாமாவின் மகன் இரவெல்லாம் அழுதான், எல்லோருடைய பயணமும் அங்கேயே முடிந்தது. தன் உடம்பைப் பற்றிய உண்மையை மறைப்பவர் தன் பொறுப்பை மட்டும் தட்டிக்கழிப்பதில்லை. அது முழுவதையும், பல மடங்காக்கி, கூட வந்தவர்கள் தலையில் இறக்கிவைக்கிறார்.

அதனால் கிளம்பும் முன்பே குழுவில் எல்லோரும் உட்கார்ந்து ஒன்றைப் பேசி முடிவு செய்யுங்கள். யாருக்குத் தலைவலி வந்தாலும் சொல்லிவிட வேண்டும், சொன்னவரை யாரும் முணுமுணுக்கக் கூடாது. தலைவலி மாத்திரை போடலாம், தப்பில்லை, ஆனால் போட்டதைச் சொல்ல வேண்டும். அறிகுறி இருக்கும்போது யாரும் மேலே ஏறக் கூடாது. அறிகுறி கூடினால் பேச்சே இல்லை, இறங்க வேண்டும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறது, வறட்டு இருமல் நிற்கவில்லை என்றால் அது நுரையீரலில் நீர் கோப்பதாக இருக்கலாம், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

கடையில் விற்கும் சின்ன ஆக்சிஜன் டப்பாவை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு தைரியமாக இருப்பவர்களையும் பார்த்தேன். அதில் இருப்பது சில லிட்டர். நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் என்று வைத்தால்கூட எத்தனை நிமிடம் வரும்? கீழே இறங்கும்வரை தாக்குப்பிடிக்க உதவுவது வண்டியில் இருக்கும் பெரிய சிலிண்டர்தான். அது நிரம்பியிருக்கிறதா, முகமூடி இருக்கிறதா என்று கிளம்பும் காலையில் திறந்து காட்டச் சொல்லுங்கள். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரும் அப்படித்தான், எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். லேயில் நன்றாக இருப்பவர்களுக்கே எண்பதுகளில் காட்டும், கை சில்லிட்டிருந்தால் தப்பாகவும் காட்டும். எண் நன்றாக இருந்தும் தலை வலிக்கிறது என்றால் தலை வலிக்கிறது என்பதுதான் கணக்கு.

டயமாக்ஸ் மாத்திரையைப் பற்றிக் கேட்பீர்கள். உடம்பு பழகுவதைக் கொஞ்சம் வேகப்படுத்தும், மேலே போவதற்கு முந்தைய நாளே தொடங்குவார்கள். விரல் நுனி குறுகுறுக்கும், சிறுநீர் அடிக்கடி போகும். சல்ஃபா மருந்து ஒவ்வாமை உள்ளவர்கள் டாக்டரிடம் அதைச் சொல்லாமல் தொடவே கூடாது. நண்பர் கொடுத்தார் என்று போட்டுக்கொள்ளாதீர்கள். முதல் சில நாள் மதுவும் தூக்க மாத்திரையும் வேண்டாம்.

இன்னொரு பொறுப்பும் நம்முடையது. ‘காசு கொடுத்திருக்கிறோம், பார்த்தே ஆகணும்’ என்று ஓட்டுநரை நெருக்கும் குழுக்கள் உண்டு. பனி கொட்டுகிறது, நாளை போகலாம் என்று அவர் சொன்னால் கேளுங்கள். அந்தச் சாலையில் வருஷம் முழுக்க இருப்பவர் அவர். அவர் வேண்டாம் என்று சொல்லியும் நெருக்கி ஏற்றிவிட்டு, பிறகு நிறுவனத்தின்மேல் வழக்குப் போடுவது முறையில்லை.

கயிலாய யாத்திரை போகிறவர்களையும் இங்கே நினைக்கிறேன், ஏனென்றால் நம்மவர்கள் நிறையப் பேர் போகிறார்கள். அங்கே டோல்மா லா கணவாய் 5,630 மீட்டர். முக்திநாத்தும் சுமார் 3,700 மீட்டர் உயரத்தில் இருக்கும் திவ்யதேசம். அரசு நடத்தும் கயிலாய யாத்திரையில் டெல்லியில் ஒரு முறையும் வழியில் இன்னொரு முறையும் மருத்துவப் பரிசோதனை செய்து, தேறாதவர்களைத் திருப்பி அனுப்புவார்கள். திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயந்து நெஞ்சு வலியையும் ஆஸ்துமாவையும் மறைக்கும் பக்தர்கள் உண்டு. வாழ்நாள் ஆசை, புரிகிறது. ஆனால் டாக்டரிடம் பொய் சொல்லிவிட்டுப் போய்த்தான் ஈசனைப் பார்க்க வேண்டும் என்று எந்தப் பதிகமும் சொல்லவில்லை.

கடைசியாக உங்கள் அம்மா. 61 வயது தடையில்லை, சர்க்கரையும் கட்டுக்குள் இருந்தால் தடையில்லை. கிளம்ப ஒரு மாதம் இருக்கும்போதே அவருடைய டாக்டரிடம் போய், எத்தனை மீட்டர், எத்தனை நாள் என்று பயணத் திட்டத்தையே காட்டுங்கள். இதயமும் கண்ணின் விழித்திரையும் பார்த்துவிடுவது நல்லது. இன்சுலின் போடுபவர் என்றால் மருந்து உறையக் கூடாது. உறைந்தது பிறகு உருகினாலும் பயன்படுத்தக் கூடாது, அதனால் சட்டைக்குள் உடம்போடு வைத்திருக்க வேண்டும். குளுக்கோமீட்டரும் குளிரில் தடுமாறும், அதையும் கதகதப்பாக வையுங்கள். சர்க்கரை தாழ்ந்தாலும் தலைவலி, தள்ளாட்டம், குழப்பம் எல்லாம் வரும், உயர நோய் மாதிரியே இருக்கும். அம்மாவுக்குத் தலைசுற்றுகிறது என்றால் முதலில் சர்க்கரையைப் பாருங்கள். தாழ்ந்திருந்தால் இனிப்புக் கொடுத்துவிட்டுக் கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். சர்க்கரை சரியாக இருந்தும் தலை சுற்றினால் அன்றைக்கு மேலே ஏற வேண்டாம். பரிசோதிக்கவும் முடிவெடுக்கவும் அவருக்கே இப்போதிலிருந்து சொல்லிக் கொடுங்கள், ஏனென்றால் வேறு வண்டியில் நீங்கள் இருக்கும் நேரமும் வரலாம்.