ஒரே வீடு, இரண்டு முகவரிகள்: ஜெரிகோ பிரவுனிடமிருந்து ஏன் தொடங்கச் சொல்கிறேன்

தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டு எழுதும் இன்றைய அமெரிக்கக் கவிஞர்களில் ஒருவரை மட்டும் படிக்க நேரமிருந்தால் யாரைப் படிக்கலாம், ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதில் ஜெரிகோ பிரவுன். பெரிய விருதுகளைப் பெற்றவர் என்பது உண்மைதான். ஆனால் நான் அவரைச் சொல்வதற்குக் காரணம் வேறு. தம் வாழ்க்கையைச் சொல்லக் கைவசமிருந்த யாப்பு எதுவும் முழுவதும் பொருந்தவில்லை என்று கண்டு, புதிதாக ஒரு யாப்பையே அமைத்துக்கொண்டவர் அவர். அந்தாதி கேட்டு வளர்ந்த தமிழ் வாசகருக்கு அந்த யாப்பு எளிதில் பிடிபடும் என்பது என் அனுபவம்.

பிரவுன் 1976இல் லூசியானா மாநிலத்தின் ஷ்ரீவ்போர்ட் நகரில் பிறந்தார். வீட்டில் இட்ட பெயர் மூன்றாம் நெல்சன் டெமரி. தலைமுறை வழியாக வந்த அந்தப் பெயரை விட்டு, இப்போதுள்ள பெயரை அவரே தேர்ந்துகொண்டார். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்கப் பணமில்லாததால் தாய் அவர்களை நூலகத்தில் விட்டுச் செல்வார் என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். நூலகத்தோடு கறுப்பினத்தவரின் தேவாலயமும் அவருடைய காதைப் பழக்கியது. நியூ ஆர்லியன்ஸின் டில்லார்ட் பல்கலைக்கழகத்தில் படித்தார். அந்நகர மேயருக்கு உரை எழுதித் தரும் பணியில் சில காலம் இருந்தார். பின்னர் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார்.

முதல் தொகுப்பான ‘ப்ளீஸ்’ 2008இல் வந்தது. அதன் பகுதிகளுக்குப் பாட்டு கேட்கும் கருவியின் பொத்தான்களில் இருக்கும் சொற்களையே தலைப்பாக வைத்திருக்கிறார். டயானா ராஸ், ஜானிஸ் ஜாப்ளின் போன்ற பாடகர்கள் உள்ளே நடமாடுகிறார்கள். அந்த இசைக்குக் கீழே ஓடுவது, தந்தையின் கையையும் காதலனின் கையையும் ஒருசேர நினைவில் வைத்திருக்கும் ஒரு மகனின் குரல். அன்பும் வன்முறையும் ஒரே வீட்டில் குடியிருப்பதை இவ்வளவு அருகில் நின்று சொன்ன கவிதைகளை நான் அதிகம் படித்ததில்லை. விவிலியத்தின் புதிய ஏற்பாட்டின் பெயரையே தாங்கிய இரண்டாம் தொகுப்பு 2014இல் வந்தது. 2019இல் வந்தது ‘த டிரெடிஷன்’, அதாவது ‘மரபு’. உங்களைப் படிக்கச் சொல்வது இந்த மூன்றாம் நூலைத்தான்.

அதில்தான் அவர் அமைத்த ‘டியூப்ளெக்ஸ்’ என்ற யாப்பு வருகிறது. மொத்தம் 14 அடிகள். இரண்டிரண்டு அடிகளாக 7 கண்ணிகள். ஒவ்வோர் அடியிலும் 9 முதல் 11 வரை அசைகள். ஒரு கண்ணியின் இரண்டாம் அடி சற்றே உருமாறி அடுத்த கண்ணியின் முதலடியாகிறது. கவிதையின் முதலடியே இறுதியடியாகவும் திரும்பி வருகிறது. 14 அடிகள் என்ற அளவு சானெட் என்ற ஐரோப்பியக் கவிதை வடிவத்திலிருந்தும், தனித்தனியே நிற்கக்கூடிய கண்ணிகள் கஜல் என்ற பாரசீக, உருதுக் கவிதை வடிவத்திலிருந்தும், சொன்னதையே சிறிது மாற்றித் திரும்பச் சொல்லும் முறை கறுப்பின மக்களின் புளூஸ் இசையிலிருந்தும் வந்தவை. கறுப்பினத்தவராகவும் குயராகவும் (தன்பாலீர்ப்பாளர் உள்ளிட்ட பால்புதுமையினராகவும்) அமெரிக்கத் தென்பகுதிக்காரராகவும் இருக்கும் ஒரு யாப்பு தமக்கு வேண்டியிருந்தது என்றும், இரண்டு முகவரிகள் கொண்ட ஒரே வீடு போலத் தோன்றியதால் அந்தப் பெயரை வைத்ததாகவும் அவர் எழுதியிருக்கிறார்.

வெள்ளிக்கிழமைதோறும் வீட்டில் அபிராமி அந்தாதி ஓதக் கேட்டு வளர்ந்தவன் நான். ‘உதிக்கின்ற’ என்று தொடங்கும் அந்நூல் 100ஆம் பாடலில் ‘உதிக்கின்றனவே’ என்று முடிந்து மாலையாகக் கோத்துக்கொள்வதை மண்டலித்தல் என்பார்கள். பிரவுனின் கவிதையை முதன்முறை வாய்விட்டுப் படித்தபோது என் காது அந்த மாலையைத்தான் கேட்டது. அவர் வந்த வழி வேறு; நம் அந்தாதிக்கும் அவருக்கும் தொடர்பு உண்டு என்று நான் சொல்லவில்லை. ஆனால் வேறுபாடு எங்கே இருக்கிறது என்று பார்ப்பது பயன் தரும். அந்தாதியில் சொல் அப்படியே திரும்புகிறது, பொருள் வளர்கிறது. டியூப்ளெக்ஸில் திரும்பும் அடிக்குள் ஆளே மாறிவிடுகிறார். கவிதை என்பது வீட்டை நோக்கிய ஒரு சைகை என்ற பொருளில் முதல் டியூப்ளெக்ஸ் தொடங்குகிறது. அடர்சிவப்புக் கார் ஓட்டிய கடைசிக் காதலன், அடி திரும்பும்போது முதல் காதலனாகிறான். தந்தையைப் போல உயரமான அவன், மறுபடி அடி திரும்பும்போது மறைந்துபோய், ஆலங்கட்டி மழைபோல் அடிக்கும் தந்தை மட்டும் அங்கே நிற்கிறார். கவிதையின் வரிக்கும் கையிலிருந்து விழுவதற்கும் தமிழில் ‘அடி’ என்ற ஒரே சொல்தான் இருக்கிறது. இந்தக் கவிதையைப் படிக்கும்போது அவ்விரண்டையும் என்னால் பிரித்து வைக்க முடிவதில்லை.

அவருடைய அரசியல் கவிதைகளும் இந்த வீட்டுக் கவிதைகளிலிருந்து விலகி நிற்பவை அல்ல. நூலின் பெயரைத் தாங்கிய சானெட்டில், தாமும் சகோதரர்களும் நட்ட பூச்செடிகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வருகிறார். இறுதியடியில் பூக்களின் இடத்தில் ஜான் கிராஃபோர்ட், எரிக் கார்னர், மைக் பிரவுன் என்ற மூன்று பெயர்கள் வருகின்றன. மூவருமே 2014இல் காவலர்களின் கையில் உயிரிழந்த கறுப்பின ஆண்கள். இன்னொரு கவிதையில், காவலர்களின் அருகில் நான் இறந்து கிடந்ததாகக் கேள்விப்பட்டால் என்னைக் கொன்றவர் அந்தக் காவலரே என்று முன்கூட்டியே வாக்குமூலம் தருகிறார். நானாக என் உயிரைப் போக்கிக்கொள்ளவில்லை என்று அவர் உறுதி சொல்லும் அந்தத் தொனியில் அச்சத்தைவிட உயிர்மீது கொண்ட பிடிப்பே ஓங்கி ஒலிக்கிறது.

தமக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பதைப் பிரவுன் மறைத்ததில்லை. ‘த வைரஸ்’ என்ற கவிதையில் அந்த வைரஸே பேசுகிறது. மருந்தின் வலிமையால் சோதனையில் அகப்படாத அளவுக்குக் குறைக்கப்பட்டாலும், தன் நாட்டின் வரலாற்றைப் படித்தவனுக்குள் சினம் தங்கியிருப்பதுபோல நானும் தோலுக்கடியில் தங்கியிருக்கிறேன் என்கிறது. நோயைப் பற்றிய கவிதை எப்போது நாட்டைப் பற்றியதாக மாறியது என்று வாசகர் அறிவதற்குள் அது முடிந்துவிடுகிறது. இரக்கத்தை ஒருபோதும் வேண்டாத இந்தக் கவிதைக்காகவே அவர்மீது எனக்குத் தனி மதிப்பு உண்டு.

‘த டிரெடிஷன்’ 2020இல் கவிதைக்கான புலிட்சர் பரிசைப் பெற்றது. 2024இல் அவருக்கு, படைப்பாற்றல் மிக்கவர்களுக்கு அமெரிக்காவில் வழங்கப்படும் மெக்ஆர்தர் நல்கை கிடைத்தது. அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தில் அவர் பல ஆண்டுகளாகக் கவிதை கற்பித்து வருகிறார்.

நூல் கைக்கு வந்தால் முதல் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டாம். ‘டியூப்ளெக்ஸ்’ என்ற தலைப்பில் நான்கு கவிதைகள் நூல் முழுவதும் பரவியிருக்கும். அவற்றை மட்டும் தேடியெடுத்து வரிசையாக, வாய்விட்டு, இரண்டு முறை படியுங்கள். பிறகு கடைசிக் கவிதைக்குப் போங்கள். அந்த நான்கிலிருந்தும் அடிகளை எடுத்து ஐந்தாவதாக ஒரு டியூப்ளெக்ஸை அங்கே கோத்திருக்கிறார். ஏற்கெனவே கேட்ட அடிகள்தான் என்பது காதுக்குத் தெரியும்; அப்படியிருந்தும் ஒவ்வோர் அடியும் புதிதாக வந்து விழும்.