கொதிக்க வைத்தால் ஈயம் போகாது

வணக்கம். பாறசாலையில் உள்ள உங்கள் வீட்டுச் சமையலறைக் குழாய் நீரில் லிட்டருக்கு 0.028 மில்லிகிராம் ஈயம் இருப்பதாகவும், அம்மா அதில் பதிமுகம் (நீரைச் சிவப்பாக்கும் மரச் சீவல்) போட்டுக் கொதிக்க வைத்து இரண்டு வயதுக் குழந்தைக்குக் கொடுப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். அதை இன்றே நிறுத்துங்கள். கொதித்தால் கிருமி சாகும், ஈயம் அப்படியே தங்கும். ஒரு லிட்டர் முக்கால் லிட்டராக வற்றும்போது உங்கள் 0.028 ஏறத்தாழ 0.037 ஆகிவிடும். இந்தியக் குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500 அனுமதிப்பது 0.01 மட்டுமே.

குழாய்க்கு நீர் தரும் கிணற்றை மூடிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள், அவசரப்பட வேண்டாம். இரவு முழுவதும் குழாயைத் திறக்காமல் வைத்து, விடிந்ததும் விழும் முதல் லிட்டரை ஒரு புட்டியிலும், ஐந்து நிமிடம் ஓடவிட்டபின் வருவதை மற்றொன்றிலும், கிணற்றில் வாளியால் இறைத்ததை மூன்றாவதிலும் பிடித்துச் சோதனைக்குக் கொடுங்கள். முதல் புட்டியில் மட்டும் அளவு கூடியிருந்தால், பித்தளைக் குழாயையோ பழைய பிவிசி குழாயையோதான் சந்தேகிக்க வேண்டும். வெட்டுக்கல் (செம்பூராங்கல்) நிலத்துக் கிணற்று நீர் பெரும்பாலும் சற்று அமிலத்தன்மை உடையது, உலோகத்தை அரிக்கும். பிவிசியில் ஈயச் சேர்மத்தைக் கட்டுப்படுத்தும் மத்திய அரசு விதிகளோ 2021இல்தான் வந்தன. அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரில் 2014இல் நடந்ததும் இதுவே: ஆற்று நீரை அரிப்புத் தடுப்பான் சேர்க்காமல் விட்டதால் குழாய்களிலிருந்து ஈயம் கரைந்தது.

முடிவு வரும்வரை குடிக்கவும் சமைக்கவும் ஆர்ஓ நீரையே பயன்படுத்துங்கள். புறஊதா வடிகட்டி ஈயத்தை நீக்காது. குளிக்கத் தடையில்லை. குழந்தைக்கு சிரையிலிருந்து இரத்தம் எடுத்து ஈய அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால், ஈயம் வரும் வழியைக் கண்டறிந்து அடைக்க வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.